நுண்ணலையில் நெல் உலர்த்துதலும் தானியத்தின் தரமும்

காவிரி டெல்டா ஜில்லாக்களில் குறுவை நெல் அறுவடையாகும் காலமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வருவது வழக்கம். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் வயலிலிருந்து களத்துக்கு வரும் நெல்லில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை ஈரம் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு விதிக்கப்பட்ட வரம்போ 17 பங்கு. மழை மிகுந்த சில ஆண்டுகளில் இவ்வரம்பு சற்றுத் தளர்த்தப்பட்டதுண்டு. எனினும் அத்தளர்வை எதிர்பார்த்து ஈர நெல்லைக் குவித்து வைத்திருக்க எந்தக் குடியானவனாலும் இயலாது. நெல் உயிருள்ள பொருள். ஈரத்தோடு குவிந்து கிடக்கையில் அது சுவாசித்து வெப்பத்தை உண்டாக்கும். பூஞ்சணமும் உடன் சேரும். இரண்டொரு நாளில் குவியலினுள் கையை நுழைத்தால் சுடும். உள்ளிருக்கும் அரிசி மஞ்சளிக்கும். மக்கல் வாடை ஏறும். சில ரகங்கள் களத்திலேயே முளைத்தும் விடும்.

ஒரு போகத்தின் உழைப்பு இவ்வாறு மூன்று நாளில் கெட்டுப்போவதைக் கண்டவர்கள், வெயிலை நம்பாமல் நெல்லை உலர்த்தும் வழி எதுவாயினும் அதை விசாரிப்பது இயல்பே. அண்மைக் காலத்தில் அவ்வாறு விசாரிக்கப்படுவனவற்றுள் ஒன்று மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை முறை. பட்டணத்து வீடுகளிலே ஆறிய சோற்றை இரண்டு நிமிஷத்தில் ஆவி பறக்கச் செய்யும் பெட்டி, ஈர நெல்லையும் அவ்வாறே உலர்த்தித் தரலாகாதா என்பது கேள்வி. ஈரத்தைப் போக்க அதனால் முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஈரம் போனபின் எஞ்சி நிற்கும் நெல் எத்தகையது, அது அரைக்க உதவுமா, விதைக்க உதவுமா என்பதையே இங்கு ஆராய வேண்டியிருக்கிறது.

நுண்ணலைகள் சமையலுக்கென்று தேடிக் கண்டவை அல்ல. 1940-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ராண்டல், பூட் என்னும் இருவர், பகைவரின் விமானங்களைத் தொலைவிலேயே கண்டறியும் ரேடார் கருவிக்காக, வலிமை மிக்க நுண்ணலைகளை எழுப்பும் மாக்னெட்ரான் குழல் ஒன்றைச் செய்தனர். யுத்தம் முடிந்த 1945-ல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர் என்பவர், இவ்வலைகளைக் கொண்டு உணவைச் சூடாக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் கோரினார். இன்றைய வீட்டு அடுப்பு அதன் வழி வந்தது. அதனுள் எழும் அலைகள் விநாடிக்கு 245 கோடி முறை திசை மாறுகின்றன. பெரிய தொழிற்சாலைகளில் விநாடிக்குச் சுமார் 91 கோடி முறை மாறும் அலைகளும் பயன்படுகின்றன. இவை தானியக் குவியலினுள் அதிக ஆழம் ஊடுருவும்.

நீரின் அணுத்திரள் ஒவ்வொன்றுக்கும் காந்த ஊசியைப் போல இரண்டு முனைகள் உண்டு. ஒன்று மின்சாரத்தில் நேர்முனை, மற்றது எதிர்முனை. அலை திசை மாறுந்தோறும் நீரும் தன் முனைகளைத் திருப்ப முயலுகிறது. இவ்வாறு ஓயாது புரளுவதால் நீர் சூடாகிறது. ஆகவே இம்முறையில் நெருப்போ சுடுகாற்றோ நெல்லைத் தொடுவதில்லை. நெல்லினுள் இருக்கும் ஈரமே தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. நுண்ணலையில் வைத்த தானியம் விஷமாகிவிடும், கதிரியக்கம் ஏறிவிடும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்காததுபோல, கருவியை நிறுத்தியபின் தானியத்தில் அலை எதுவும் தங்குவதில்லை. தானியத்துக்கு வரும் கேடு யாவும் சூட்டினாலும், அச்சூடு ஒரே சீராய்ப் பரவாமையாலும், அவசரத்தாலும் வருவனவே.

இந்த அவசரம் என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் வெயிலில் காய்ந்தாலும், சுடுகாற்றில் காய்ந்தாலும், நுண்ணலையில் காய்ந்தாலும் நெல்லுக்குள் நடப்பது ஒன்றே. நெல்மணியின் மேற்புறத்திலுள்ள ஈரம் எளிதில் ஆவியாகிப் போய்விடும். நடுவிலுள்ள ஈரமோ மாவுப்பொருளின் இடுக்குகள் வழியே மெல்ல ஊர்ந்து வெளியேற வேண்டும். மேற்புறம் விரைந்து காய, நடு ஈரமாகவே இருக்குமானால், மேற்புறம் சுருங்கப் பார்க்கும்; நடுப்பகுதி அதற்கு இடங்கொடாது. இந்த இழுபறியில் அரிசி குறுக்கே கீறல் விடுகிறது. உமி மூடியிருப்பதால் இக்கீறல் களத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மில்லில் தீட்டும்போதுதான் முழு அரிசி குறைந்து, நொய்யும் குருணையும் மிகுந்து வெளிப்படும். மில்காரர் நெல் ரகத்தைக் குறை கூறுவார். நெல் விற்றவர் மில்லின் உருளையைக் குறை கூறுவார். உண்மையில் குற்றம் பெரும்பாலும் உலர்த்தியதில் இருக்கும்.

வெல்லப்பாகு காய்ச்சி அறிந்தவர்களுக்கு இதன் மற்றொரு பக்கமும் எளிதில் விளங்கும். சூடாயும் சிறிது நீரோடும் இருக்கையில் பாகு இழுத்த இழுப்புக்கெல்லாம் வளையும். ஆறி நீர் வற்றினால் கண்ணாடிபோல் நொறுங்கும். அரிசியின் மாவுப்பொருளும் அத்தன்மையதே. ஈரமும் சூடும் உள்ளவரை அது இளகி வளைந்து கொடுக்கும். ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கீழே ஆறினால் விறைத்துவிடும். சூடாக்கிய நெல்லை, நடுவில் ஈரம் மிகுந்தும் ஓரத்தில் குறைந்தும் இருக்கும்போதே திடீரென ஆற விட்டால், ஓரம் விறைத்துக்கொள்ள நடு இளகியிருக்கும். அப்போதுதான் கீறல் மிகுதியாய் விழுகிறது. ஆகையால் சூடாக்கிய நெல்லை உடனே குளிரக் கொட்டாமல், சூட்டோடு குவித்து மூடிச் சில மணி நேரம் வைத்திருந்தால், நடுவிலுள்ள ஈரம் ஓரத்துக்குப் பரவிச் சமனாகும். கீறலும் பெரிதும் தவிரும்.

இனி நுண்ணலைக்கு வருவோம். இம்முறையில் ஒரு நன்மை உண்மையாகவே இருக்கிறது. சுடுகாற்றில் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே செல்ல, ஈரம் உள்ளிருந்து வெளியே வருகிறது. இரண்டும் எதிரெதிராய்ப் போகின்றன. நுண்ணலையிலோ மணியின் நடுவும் ஒருங்கே சூடாகிறது. மேற்புறம் ஆவி கிளம்புவதால் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். வெப்பமும் ஈரமும் ஒரே திசையில், உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. அன்றியும் ஈரம் அதிகமுள்ள மணி அதிகச் சூட்டையும், ஈரம் குறைந்த மணி குறைந்த சூட்டையும் ஏற்கும். ஒரே கதிரில் நுனி முற்றி அடி பச்சையாய் இருக்கும் நெல்லுக்கு இது பொருத்தமான குணம். குறைந்த வலிமையில், விட்டுவிட்டு, இடையிடையே ஆறவைத்து உலர்த்திய நெல்லில் முழு அரிசி குறையாமல் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் இந்நன்மை முழுதும் வலிமையை அடக்கி வைப்பதைப் பொறுத்தது. வீட்டு அடுப்பொன்று 800 வாட் வலிமையுடையது என்று கொள்வோம். அதில் 200 கிராம் ஈர நெல்லை வைத்தால், அவ்வலிமை யாவும் நெல்லில் சேருமானால், சூடு விநாடிக்குச் சுமார் 2 டிகிரி வீதம் ஏறும். 30 டிகிரியில் இருந்த நெல் கால் நிமிஷத்தில் 60 டிகிரியை எட்டிவிடும். அதற்குள் நடுவிலுள்ள ஈரம் ஓரத்துக்கு ஊர்ந்து வரக்கூட நேரமிராது. மேலும் சில விநாடிகள் விட்டால் நீர் மணிக்குள்ளேயே ஆவியாகிப் புடைத்து, மணியைப் பிளந்துகொண்டு வெளிவரும். சூடான மணலில் பொரி பொரிவதும் இதனாலேயே. பொரிக்கு அது வேண்டும், அரிசிக்கு ஆகாது. ஆகவே ஒரு கருவியின் வலிமை எத்தனை வாட் என்று கேட்பதைக் காட்டிலும், அதில் ஒரு கிலோ நெல்லுக்கு எத்தனை வாட் விழுகிறது என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி. விற்பனைக்கு வருவோரிடம் இக்கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது குறை, சூடு சீராய்ப் பரவாமை. பெட்டிக்குள் அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால், ஓரிடத்தில் வலிமை மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருக்கும். வீட்டு அடுப்பில் தட்டு சுழலுவது இதைச் சமன் செய்யத்தான். ஆயினும் முற்றும் சமனாவதில்லை. ஒரே தட்டிலுள்ள தானியத்தில் இடத்துக்கு இடம் பல பத்து டிகிரி வேறுபாடு காணப்படுவதுண்டு. சராசரி 50 டிகிரி என்று கருவி காட்டும்போதே ஒரு மூலையிலுள்ள நெல் கருகவும், மறு மூலையிலுள்ளது ஈரமாகவே இருக்கவும் கூடும். இத்தகைய நெல்லைக் கலந்து மூட்டை கட்டினால், ஈரமாய் நின்ற பகுதி பூஞ்சணத்துக்கு வித்தாகிறது. சராசரிக் கணக்கை நம்பி ஏமாறுவது இம்முறையில் எளிது.

அரிசியின் மாவுப்பொருள் ரகத்துக்கு ஏற்ப 55 முதல் 79 டிகிரிக்குள், போதிய நீர் இருந்தால், வெந்து குழையும். உலர்த்தும் நெல்லில் அவ்வளவு நீர் இல்லாமையால் அது முழுதும் வேகாது. எனினும் மிகுந்த சூடு பட்ட பச்சரிசி சோற்றில் வேறுபாடு காட்டும். சிறிது சூடு பட்டால் புது அரிசி பழைய அரிசியைப் போல ஒட்டாமல் உதிரியாய் வேகிறது. இது சிலருக்கு விருப்பமானதே. சூடு அதிகமானால் நிறம் பழுக்கிறது, வாடையும் மாறுகிறது. பச்சரிசிக்கு வெண்மையும் மணமும் முக்கியமாகையால், சீரகச் சம்பா போன்ற மண ரகங்களை இத்தகைய சூட்டுக்கு உட்படுத்துதல் தகாது.

இவை யாவற்றிலும் பெரிய நஷ்டம் விதை நெல்லில் நேரக்கூடியது. நெல்மணியின் ஒரு மூலையில், கடுகினும் சிறிதாய், முளைக்கரு இருக்கிறது. உயிர் இருப்பது அதில்தான். விதை நெல்லை உலர்த்தும்போது நெல்லின் சூடு 43 டிகிரியைத் தாண்டலாகாது என்பது எங்கும் கைக்கொள்ளப்படும் வரம்பு. அரைப்பதற்கான நெல் அதைவிடக் கூடுதல் சூட்டைத் தாங்கும், விதை தாங்காது. ஈரம் மிகுந்த விதை இன்னும் சீக்கிரமாய்ச் சாகும். நுண்ணலையோ ஈரம் உள்ள இடத்தையே தேடிச் சூடாக்குவது. மேலே சொன்ன கணக்குப்படி, வீட்டு அடுப்பில் விதை நெல் ஏழெட்டு விநாடியிலேயே அந்த வரம்பைக் கடந்துவிடும்.

இதில் மிகவும் வருந்தத்தக்கது, செத்த விதை செத்ததாகத் தோன்றாமையே. உமி பொன்னிறமாகவே இருக்கும், கடித்தால் கடகடவென்று நொறுங்கும், எடை குறையாது, ஈரமானியும் நல்ல அளவைக் காட்டும். அடுத்த ஆனியில் நாற்றங்காலில் தெளித்தபின்தான் உண்மை வெளிப்படும். அப்போது தண்ணீர் முறை தவறிப் போயிருக்கும்; பிற விதைக்கு அலைய வேண்டும்; பருவம் பதினைந்து நாள் தள்ளும். குத்தகைக்கு உழுபவனுக்கு அப்பதினைந்து நாள் அற்பமானதன்று.

ஆகவே எவ்வகைக் கருவியில் உலர்த்திய நெல்லாயினும், அதை விதைக்கு எடுக்குமுன் முளைப்புச் சோதனை செய்தல் அவசியம். உலர்த்துமுன் அதே குவியலிலிருந்து ஒரு படி நெல்லை எடுத்து நிழலில் தனியே உலர்த்திக்கொள்ள வேண்டும். பின்னர் நிழலில் உலர்த்தியதில் 400 மணியும், கருவியில் உலர்த்தியதில் 400 மணியும், பொறுக்காமல் கைக்கு வந்தபடி எண்ணி எடுக்க வேண்டும். பெருத்த மணியாய்ப் பார்த்துப் பொறுக்குவது சோதனையையே கெடுக்கும். நூறு நூறாகப் பிரித்து ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில், காயாமல் வைத்திருந்து, 5-ஆம் நாளும் 14-ஆம் நாளும் முளைத்தவற்றை எண்ணுதல் முறை. சான்று பெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு 80 முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. நிழல் நெல் 90-ம் கருவி நெல் 60-ம் முளைத்தால் குற்றம் கருவியினுடையது. இரண்டும் ஒருங்கே குறைவாய் முளைத்தால் உடனே விதையைத் தூற்ற வேண்டாம். சி.ஆர். 1009 போன்ற ரகங்களுக்கு அறுவடையானபின் சில காலம் உறங்கும் இயல்பு உண்டு. சில வாரம் கழித்து மறுபடியும் சோதித்தால் உறக்கமா சாவா என்பது தெரிந்துவிடும். நிழல் நெல்லை ஒப்புக்காக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனாலேயே.

பிற தானியங்களிலும் கதை இதுவே. கோதுமையில் நுண்ணலை பட்டால் புரதத்தின் அளவு குறைவதில்லை என்று 1993-ல் வெளியான ஆராய்ச்சியொன்று தெரிவித்தது. ஆனால் மாவைப் பிசைந்தால் நீண்டு இழுபடச் செய்யும் பசைப் புரதத்தின் குணம், நேரம் ஏற ஏறப் படிப்படியாய் மாறியது. ரசாயனக் கணக்கில் தேறும் கோதுமை ரொட்டிக்காரரிடம் தேறாமல் போகலாம் என்பது இதன் பொருள். கனடாவில் மானிடோபா சர்வகலாசாலையார் 2007-ல் வெளியிட்ட பரிசோதனையில், கோதுமையைச் சேமிப்பில் அழிக்கும் பூச்சிகள் 500 வாட் வலிமையில் 28 விநாடியில் முற்றும் மடிந்தன. மாவும் ரொட்டியும் கெடவில்லை. ஆனால் முளைப்பு குறைந்தது. பூச்சி சாகும் சூட்டில் விதையும் சாகிறது. மக்காச்சோளத்தில் அதிகச் சூட்டினால் மணிக்குள் வெடிப்பு விழுந்து, ஸ்டார்ச்சு ஆலையில் மாவையும் புரதத்தையும் பிரிப்பது கடினமாகிறது.

தமிழ்நாட்டில் உண்ணப்படும் அரிசியில் பெரும்பகுதி புழுங்கல். அதனால் புழுங்கல் நெல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஊறவைத்து அவித்த நெல்லில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேலும் ஈரம் இருக்கும். அதன் மாவுப்பொருள் ஏற்கெனவே வெந்து ஒன்றாய் இறுகியிருப்பதால் பழைய கீறல்கள் மூடிக்கொள்கின்றன. விதைக்கு வேண்டாத நெல்லாகையால் முளைக்கரு சாவதைப் பற்றிய கவலையும் இல்லை. நுண்ணலைக்குத் தகுந்த நெல் ஒன்று உண்டென்றால் அது இதுவே. எனினும் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1967-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவித்த நெல்லின் ஈரம் சுமார் 16 பங்குக்கு மேல் உள்ளவரை வேகமாய் உலர்த்தினாலும் அரிசி உடைவதில்லை என்றும், அதற்குக் கீழே ஒரே மூச்சில் உலர்த்தும்போதுதான் உடைகிறது என்றும் கண்டனர். அந்நிலையில் நிறுத்தி, குவித்து ஆற விட்டு, மறுபடி மெல்ல உலர்த்தினால் உடைவு நீங்குகிறது. தஞ்சைப் பக்கத்து அவியல் களங்களில் அனுபவமுள்ள பெண்கள், காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே வந்து, முக்கால் பதம் வந்ததும் குவித்து மூடி, மறுநாள் மீண்டும் பரப்புவது இதே விதிதான். ஈரமானி அவர்கள் பாதத்தில் இருந்தது.

இதிலிருந்து நுண்ணலையின் இடம் இன்னதென்று தெளிவாகும். ஈரம் மிகுந்த முதற் கட்டத்தில், 18 பங்கு வரை விரைவாய் இறக்குவதற்கு அது உதவும். கடைசி நான்கு பங்கை அதனிடம் விடுவது அபாயம். பச்சரிசி நெல்லுக்கு அடக்கமான வலிமையும் இடையில் ஆறவைத்தலும் வேண்டும். விதைக்கு அது வேண்டவே வேண்டாம். தவிட்டுக்கு மட்டும் தனிச் சிறப்பொன்று உண்டு. தீட்டியவுடன் தவிட்டிலுள்ள ஒரு நொதிப்பொருள் எண்ணெயைக் கெடுக்கத் தொடங்குகிறது; நுண்ணலையில் சில நிமிஷம் வைத்தால் அது செயலற்றுப் போய், தவிடு வாரக்கணக்கில் சிக்கெடுக்காமல் இருக்கிறது. எண்ணெய் எடுப்போருக்கு இது கவனிக்கத்தக்க செய்தி.

காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் நுண்ணலையைச் செலுத்தும் முறையும் உண்டு. காற்றழுத்தம் இருபதில் ஒரு பங்காய்க் குறைந்தால் நீர் சுமார் 33 டிகிரியிலேயே கொதிக்குமாகையால், அதிகச் சூடின்றியே ஈரம் நீங்கும். 1970-களில் அமெரிக்காவில் விமானத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு நிறுவனம் தானியத்துக்கென்றே இத்தகைய கருவியைச் செய்து பார்த்தது. வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் களஞ்சியங்களில் அது பரவவில்லை. செலவு அவ்வளவு.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள நெல் 1,000 கிலோவை 17 பங்குக்கு இறக்க 60 கிலோ நீரையும், 14 பங்குக்கு இறக்க 93 கிலோ நீரையும் போக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. 93 கிலோவுக்குக் குறைந்தது 65 யூனிட் ஆயிற்று. ஆனால் செலுத்திய மின்சாரம் முழுதும் அலையாக மாறுவதில்லை. சிறிய கருவிகளில் பாதிக்குச் சற்று மேலும், பெரிய தொழிற்சாலைக் கருவிகளில் ஐந்தில் நான்கு பங்கும் மாறும். ஆகவே டன்னுக்கு 80 முதல் 120 யூனிட் வரை செல்லும். கருவியின் விலை தனி. அதே 1,000 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கிறது. அவ்வுமியை எரித்தால் வரும் வெப்பம், அந்நீரை ஆவியாக்கத் தேவையானதைப்போல் சுமார் பத்து மடங்கு. உமி அடுப்பில் காற்றைச் சூடாக்கி உலர்த்தும் சாதனம் தன் விறகைத் தானே கொண்டுவருகிறது. நுண்ணலைக் கருவிக்கு ஒவ்வொரு யூனிட்டையும் விலைக்கு வாங்க வேண்டும். தனி விவசாயி ஒருவர் கடன்பட்டு இக்கருவியை வாங்குவது இன்றைய நிலையில் புத்திசாலித்தனம் ஆகாது. பல கிராமத்து நெல்லை ஓரிடத்தில் சேர்த்து உலர்த்தும் சங்கமோ மில்லோ, சுடுகாற்றோடு இணைத்து முதற் கட்டத்துக்கு மாத்திரம் இதைப் பயன்படுத்தலாம்.

வெயில் கிடைக்கும் நாளில் வெயிலுக்கு ஈடில்லை. ஆனால் வெயிலிலும் நெல் கெடும் என்பதை மறக்கலாகாது. தார்ச்சாலையில் மெல்லியதாய்ப் பரப்பிய நெல் உச்சி வேளையில் 50 டிகிரிக்கு மேலும் சூடாகும். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை துழாவி, உச்சி வெயிலில் குவித்து மூடிவைத்தால், மேலே சொன்ன ஆறவைத்தல் செலவின்றி நடந்துவிடுகிறது. காய்ந்த நெல் மறுபடி நனைவது எல்லாவற்றினும் மோசம். காய்ந்த மணி நீரை உறிஞ்சி உப்பும்போது விழும் கீறலுக்கு வேறெந்தக் கீறலும் இணையன்று. ஐப்பசி மாதத்தில் களத்தருகே தார்ப்பாய் இல்லாமல் நெல் பரப்புவது, ஆகையால், எவ்வகையிலும் தகாது.

வீட்டில் நுண்ணலை அடுப்பு வைத்திருப்போருக்கு அதனால் நெல் விஷயத்தில் ஓர் உபகாரம் உண்டு. நெல்லை உலர்த்த அல்ல, அதன் ஈரத்தை அளக்க. குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த நெல்லில் ஒரு பிடியை ஒன்றிரண்டாய் நொறுக்கி, நல்ல தராசில் 50 கிராம் நிறுத்து, கண்ணாடித் தட்டில் மெல்லப் பரப்ப வேண்டும். அடுப்பின் மூலையில் ஒரு குவளை நீர் வைத்தல் அவசியம். கடைசியில் நெல்லில் ஈரம் தீர்ந்தபின் மிஞ்சும் அலையை அந்நீர் ஏற்றுக்கொள்ளும். அடுப்பைக் குறைந்த வலிமையில் வைத்து, ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி நிறுத்துப் பார்த்து, இருமுறை தொடர்ந்து எடை மாறாதிருந்தால் நிறுத்திவிட வேண்டும். கருகல் வாடை வந்தால் அச்சோதனையைத் தள்ளிவிட்டுப் புதிதாய்த் தொடங்க வேண்டும். ஈரத்தோடு பிற பொருளும் எரிந்துபோய் ஈரத்தை அதிகமாய்க் காட்டும். அடுப்பை விட்டு அகலவும் கூடாது. காய்ந்த உமி தீப்பற்றக்கூடியது. 50 கிராம் நெல் 41 கிராமாய் நின்றால் போன நீர் 9 கிராம். அதை இரட்டித்தால் நூற்றுக்கு 18 பங்கு ஈரம். அந்நெல்லை வண்டியில் ஏற்றுமுன் இன்னும் சில மணி நேர வெயில் தேவை.